பயணத் திட்டமும் பொய்யும்

பயணத் திட்டம் பொய்யாக இருக்க முடியுமா? நடந்ததைத் திரித்துச் சொன்னால் அது பொய். நடக்கப்போவதைச் சொல்லும் வாக்கியத்தையோ இன்று எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. தாய்க்குக் கடிதம் எழுதும் மகளுக்கு இலக்கணம் தரும் சலுகை இது. எந்த ஊர், யாருடன், எத்தனை நாள் என்று எழுதி முடிப்பதற்குள் தாள் தீர்ந்துவிடுகிறது. இன்று எப்படி இருக்கிறேன் என்பது எழுதப்படாமலே போகிறது.

சில்வியா பிளாத் தன் தாய்க்கு எழுதிய கடிதங்கள் எனக்குள் இந்தக் கேள்வியைக் கிளப்புகின்றன. 1955-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனவர் அவர். பாரிஸ், பிறகு ஸ்பெயின் என்று அவருடைய பயணங்கள் கடிதங்களில் உற்சாகமாக விரிகின்றன. 1963 பிப்ரவரியில் லண்டனில் தற்கொலை செய்துகொண்டார். தாய் ஆரேலியா இக்கடிதங்களில் பல பகுதிகளை நீக்கி, 1975-இல் 'லெட்டர்ஸ் ஹோம்' என்ற நூலாக வெளியிட்டார். விரிவான பதிப்பு 2017, 2018-இல்தான் இரண்டு பாகங்களாக வந்தது. நாட்குறிப்புகளின் இருளை வைத்துப் பார்ப்பவர்களுக்கு இக்கடிதங்கள் வெறும் முகமூடி.

இந்தப் பாகுபாடு எனக்கு உடன்பாடில்லை. துயரம் இருப்பதாலேயே நாட்குறிப்பு உண்மை, மகிழ்ச்சி இருப்பதாலேயே கடிதம் வேஷம் என்பது விமர்சனச் சோம்பல். பயணத்துக்கு ஆசைப்பட்ட பிளாத்தும் பிளாத்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1962 கோடையில் டெவனுக்கு வந்திருந்த ஆரேலியா, மகளின் மணவாழ்க்கை முறிவதை நேரில் பார்த்தார். அக்டோபரில் பிளாத் எழுதிய ஒரு கடிதத்தின் சாரம் இது: அம்மா பார்த்ததும், அம்மா பார்த்ததைத் தான் பார்த்ததும் இருவருக்கும் இடையே நிற்கின்றன, புதிய வாழ்க்கை ஒன்று அமையும்வரை அம்மாவை எதிர்கொள்ளத் தனக்கு வலுவில்லை. இது ஒரு பயணத்தை மறுக்கும் கடிதம். கொடுமையானதுதான். ஆனாலும் ஆறுதல் சொல்லி அனுப்பப்பட வேண்டிய குழந்தையாக இதில் தாய் நடத்தப்படவில்லை.

அந்த நாட்களிலும் திட்டம் நிற்கவில்லை. குளிர்காலத்தை அயர்லாந்தில் கழிக்க எண்ணினார். அதைக் கைவிட்டு, டிசம்பரில் லண்டனில் யேட்ஸ் ஒரு காலத்தில் வசித்த வீட்டில் குடியேறினார். இத்திட்டங்கள் தாயை ஏமாற்றுவதற்காக எழுதப்பட்டவை என்று நான் நினைக்கவில்லை. தனக்கு ஒரு நாளை இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்கலாம்.

அப்படியானால் குற்றமே இல்லையா? குறை ஒன்று உண்டு. மகிழ்ச்சியான திட்டத்துக்குத் தாய் எழுதக்கூடிய பதில் ஒன்றுதான்: பத்திரமாகப் போய் வா. வேறு எதையும் கேட்க அவளுக்கு அதில் வழியில்லை. அக்டோபர்க் கடிதம் தாயைப் புண்படுத்தியது. ஆனால் பதிலாக என்ன எழுதுவது என்பதை அவளிடமே விட்டது. வாக்கியம் உண்மைதானா என்பதைவிட, அதைப் பெறுகிறவளுக்குத் திருப்பிக் கேட்க இடம் இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது.