பாடத்திட்டத்தினின்று நாவல்களை நீக்குதல்: ஓர் அறவியல் நோக்கு

ஒரு நாவலைப் பாடத்திட்டத்தினின்று நீக்குவது தணிக்கையா, அன்றிக் கல்விசார் தேர்வா என்னும் வினா உலகளவில் விவாதிக்கப்பட்டு வருகிறது. எல்லா நீக்கங்களையும் ஒரே தன்மையன எனக் கொள்வது அறவியல் நோக்கில் பொருந்தாது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மக்கில்டியோ பள்ளி வாரியம், ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலை 2022இல் ஒன்பதாம் வகுப்பின் கட்டாயப் பாடத்தினின்று நீக்கியது. விரும்பும் ஆசிரியர் அதனைக் கற்பிக்கத் தடை விதிக்கப்படவில்லை. நிறவெறியைக் கண்டிக்கும் அந்நாவலே கறுப்பின மாந்தரை வெள்ளையர் பார்வையில்தான் காட்டுகிறது என்பது அங்கு எழுந்த வாதமாகும். நூலகத்தில் ஒரு நூலை மூடிவைக்க வாசகருக்கு உரிமையுண்டு. வகுப்பறை மாணவருக்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே, கட்டாயத்தைத் தளர்த்தக் கோருவது முறையான கோரிக்கையே எனலாம்.

இந்தியச் சூழலில் நிகழ்ந்தவை வேறு தன்மையன. ரோஹின்டன் மிஸ்திரியின் 'சச் எ லாங் ஜர்னி' (1991) நாவல், அரசியல் கட்சியொன்றை இழிவுபடுத்துவதாக எழுந்த எதிர்ப்பையடுத்து 2010இல் மும்பைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று நீக்கப்பட்டது. 2021இல் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்தினின்று பாமாவின் 'சங்கதி'யும், சுகிர்தராணியின் கவிதைகளும், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையும் விலக்கப்பட்டன. கல்விப் பேரவை உறுப்பினர் 15 பேர் தம் மறுப்பைப் பதிவு செய்தனர். மக்கில்டியோவில் இழிவுக்குள்ளானோரின் வலி முன்வைக்கப்பட்டது. தில்லியிலோ அவ்வலியைத் தாமே எழுதியோரின் குரல் விலக்கப்பட்டது.

'மனம் புண்படுகிறது' என்னும் கூற்றை எளியோரும் கூறுவர், வலியோரும் கூறுவர். எனவே, அக்கூற்று மட்டும் அளவுகோலாக அமைய இயலாது. அக்கூற்று எதனைக் கோருகிறது என்பதே நோக்கத்தக்கது. 'இதனை எந்த அகவையில், எவ்வாறு கற்பிப்பது?' என வினவுவது கல்வி பற்றிய கவலை. 'இது சொல்லப்படவே கூடாது' என்பது அதிகாரத்தின் ஆணை. முன்னதற்குக் கற்பிப்போர் விடை காண இயலும். பின்னது கற்பிப்போரையே வேண்டா என ஒதுக்குகிறது.

எப்பாடத்திட்டமும் சேர்த்தவற்றினும் விடுத்தவையே மிகுதியாகக் கொண்டது. எனினும், சேர்க்கப்படாமை வேறு. சேர்த்தபின் நீக்கப்படுதல் வேறு. முன்னதற்கு இடமின்மையே போதிய விளக்கமாகும். பின்னதற்குக் கற்போரும் கற்பிப்போரும் ஆராய்ந்து மறுக்கத்தக்க வகையில் காரணம் வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். காரணம் கூறப்படாத நீக்கத்தைக் கல்விசார் தேர்வு எனக் கொள்ள இயலாது என்பதே இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவாகும்.