உடம்பின் ஹக்கும் கடையின் நேரமும்

படிப்பை இடையில் நிறுத்திவிட்டு மருதானைக்கும் பஞ்சிகாவத்தைக்கும் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் கிராமங்களில் அதிகம். காலையில் கடை திறந்தால் இரவு சாத்தும்வரை நிற்க வேண்டும். பெருநாளைக்கு ஊர் வந்தால் முதல் நாள் முழுக்கத் தூங்குவார்கள். பிறகு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள். அல்லது பேசவே மாட்டார்கள். "கொழும்புக் காசு வந்ததும் திமிரும் வந்துவிட்டது" என்கிறது ஊர். அது திமிரல்ல, களைத்துப்போன மனசு என்பதை யார் சொல்வது?

நமது நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கின்றது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் பல கடைகளில் கடிகாரத்தைப் பார்ப்பவன் நன்றிகெட்டவன்.

"இஸ்லாத்தில் ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாதே" என்பார்கள் சில முதலாளிமார். உண்மைதான். ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விடுமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறும் குர்ஆன் கூறுகின்றது. ஆனால் ஓய்வு நாள் இல்லை என்பதால் ஓய்வே இல்லை என்றாகிவிடுமா? உறக்கத்தை இளைப்பாறுதலாகவும் இரவை ஆடையாகவும் ஆக்கியதாக அதே குர்ஆன்தான் சொல்கின்றது.

பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உடம்புக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உன்மீது ஹக்கு உண்டு என்று உணர்த்தினார்கள். இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். இறைவணக்கத்துக்கே உடம்பின் பங்கை எடுக்க அனுமதியில்லை என்றால், வியாபாரத்துக்கு அந்த அனுமதியைக் கொடுத்தது யார்?

"அவனேதான் ஓவர்டைம் கேட்கிறான், கூலியும் கொடுக்கிறோம்" என்பது அடுத்த நியாயம். ஆனால் வீட்டில் குமரும் கடனும் இருப்பவனின் சம்மதம் முழுச் சம்மதமாகாது. கூலி வேலைக்கு உரியது. மனைவி மக்களுக்கும் கண்ணுக்கும் உரிய நேரத்தை அவன் விற்பதற்கு அது அவனுடைய சொத்தல்ல, அமானிதம். "நானும் இப்படித்தான் உழைத்து முன்னேறினேன்" என்று சொல்லும் முதலாளியின் களைப்பு அவரது கடையாக வளர்ந்தது. சிப்பந்தியின் களைப்பும் அவரது கடையாகத்தான் வளர்கின்றது.

2022இல் பிரித்தானியாவில் 61 நிறுவனங்கள் சம்பளத்தைக் குறைக்காமல் வேலை நேரத்தை மட்டும் குறைத்து ஆறு மாதங்கள் பரீட்சித்துப் பார்த்தன. ஏறத்தாழ 2,900 ஊழியர்கள் பங்குகொண்ட அந்தப் பரீட்சார்த்தத்தின் முடிவில் 39 சதவீதமானோர் மன அழுத்தம் குறைந்ததாகவும், 71 சதவீதமானோர் வேலையால் வரும் சோர்வு தணிந்ததாகவும் தெரிவித்தனர். பெரும்பாலான நிறுவனங்கள் அந்த முறையைத் தொடர்ந்தன. நமது சில்லறைக் கடை அப்படி மூன்று நாள் மூட முடியாதுதான். ஆனால் ஆள் மாற்றி நிறுத்தலாம். சட்டம் சொன்ன ஒன்றரை நாளையாவது கொடுக்கலாம். சக்திக்கு மீறிச் சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பதும் நாயகத்தின் போதனைதானே.

றமழானில் நமது வியாபாரிகள் ஸகாத்துக்காகச் சதம் சதமாகக் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கொப்பியிலேயே, தம்மிடம் வேலை செய்பவர்களிடமிருந்து எடுத்த மணித்தியாலங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும்.