பெருநிறுவனமும் அவயவி வாதமும்

ஒரு பெருநிறுவனத்தின் பணிகள், அவற்றுக்கு வேண்டிய தரவுகள், அத்தரவுகளைக் கையாளும் மென்பொருள்கள், அவை இயங்கும் கணினிகள் ஆகிய அனைத்தையும் ஒரே அமைப்பாகக் கண்டு ஒழுங்குபடுத்த முயலும் துறை ‘எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ எனப்படுகிறது. தமிழில் அதனை நிறுவனக் கட்டமைப்பியல் எனலாம். இத்துறையில் எந்த அணுகுமுறையைத் தேர்வது என்பது பெரும்பாலும் செலவையும் காலத்தையும் பற்றிய வினாவாகவே பேசப்படுகிறது. ஆனால் அதன் அடியில், இந்தியத் தருக்க மரபு பல நூற்றாண்டுகள் வாதிட்ட மெய்யியல் வினா ஒன்று கிடக்கிறது: உறுப்புகளுக்கு அப்பால் முழுமை என ஒன்று உண்மையில் உண்டா?

நியாய, வைசேடிக மரபினர் உண்டு என்றனர். நூலிழைகள் கூடி ஆடையாகும்போது அது இழைகளின் குவியலுக்கு இட்ட பெயரன்று, ‘அவயவி’ எனப்படும் புதியதொரு பொருள் என்பதும், அப்பொருள் தன் உறுப்புகளில் ‘சமவாயம்’ என்னும் பிரிக்கவியலாத தொடர்பால் தங்கியிருக்கிறது என்பதும் அவர்கள் கொள்கை. பௌத்தர் இதை மறுத்தனர். மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் விடையிறுப்பதாக அமைந்த பாலி நூலில், தேர் என்பது அச்சையும் சக்கரத்தையும் நுகத்தையும் சார்ந்து எழும் வழக்குப் பெயர் மட்டுமே என்று காட்டப்படுகிறது. தமிழுக்கும் இவ்வுலகம் புதிதன்று. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 27-ஆம் காதையில் வைசேடிகர் ஒருவரே வந்து தம் ஆறு பொருள்வகைகளை எடுத்துரைக்கிறார்.

1987-இல் ஜான் ஜாக்மன் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை நிறுவனக் கட்டமைப்பியலின் தோற்றுவாய்களுள் ஒன்று. எது, எவ்வாறு, எங்கே என்னும் மூன்று வினாக்களோடு தொடங்கி, 1992-இல் ஜான் சோவாவுடன் எழுதிய கட்டுரையில் யார், எப்போது, ஏன் என்பனவும் சேர்ந்து ஆறு நிரல்களாக விரிந்த அவரது அட்டவணை, திட்டமிடுவோர் முதல் கட்டுவோர் வரை ஒவ்வொருவர் நோக்கிலும் அவ்வினாக்களுக்கு விடை கோருகிறது. ஆறு என்னும் எண் வைசேடிகத்தோடு ஒத்திருப்பது தற்செயல். உள்ளவற்றை எஞ்சாமல் வகைப்படுத்திவிட முடியும் என்னும் துணிபோ இரண்டுக்கும் பொது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முன்மாதிரியை அடியொற்றி 1995-இல் உருவான, தி ஓப்பன் குரூப்பின் டோகாஃப் என்னும் கட்டமைப்பு முறை, இன்றுள்ள நிலையையும் அடைய விரும்பும் நிலையையும் எழுதிப் பார்த்து இடைவெளியை நிரப்பும் செய்முறையைத் தருகிறது. அதுவும் முழுமையை முன்னரே உள்ளதாகக் கொண்டே தொடங்குகிறது.

ஒவ்வொரு பிரிவும் தன் அமைப்பைத் தானே வளர்த்துக்கொள்ள விட்டு, வேண்டிய இடங்களில் மட்டும் உடன்பாட்டால் இணைப்பது மாற்று அணுகுமுறை. இதனுள் இருப்பது பௌத்தரின் ஐயமே. 1968-இல் மெல்வின் கான்வே முன்வைத்த கருத்து அதற்கு வலுச் சேர்க்கிறது. ஓர் அமைப்பை வடிவமைக்கும் நிறுவனம் தன்னுள் நிலவும் தகவல் பரிமாற்றத்தின் வடிவத்தையே அவ்வமைப்பிலும் படியச் செய்கிறது என்றார் அவர். துறைகள் தம்முள் பேசிக்கொள்ளாத நிறுவனத்தில், தலைமையகம் எத்தகைய வரைபடம் தீட்டினாலும் மென்பொருள் பிளவுபட்டே பிறக்கும்.

இவ்வழக்கில் தீர்ப்புக்கு உதவும் சான்று நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு பகுதியைப் பற்றி இழுத்தால் பொருள் முழுதும் உடன் வருகிறது, குவியலில் அவ்வாறு நிகழ்வதில்லை, ஆகவே முழுமை உண்டு என்பது அவ்வாதம். அரக்கால் ஒட்டியவையும் உடன் வருமே என்னும் தடை அம்மரபிலேயே எழுப்பப்பட்டது. பொருளியல்புக் கொள்கை என்ற அளவில் அத்தடை வலியது. நிறுவனத்தைப் பொறுத்தவரை அரக்கே போதும்.

வங்கி ஒன்றில் வைப்புத்தொகையும் வீட்டுக் கடனும் லாக்கரும் வைத்திருந்த ஒருவர் இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். மகள் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து நாமினி என்ற முறையில் வைப்புத்தொகையைப் பெறுகிறார். அடுத்த மாதமே கடன் பிரிவிலிருந்து இறந்தவர் பெயருக்குத் தவணை பாக்கி என்று அறிவிப்பு வருகிறது. லாக்கர் பிரிவு அதே சான்றிதழை மறுபடியும் கேட்கிறது. ஒரு முனையைப் பற்றி இழுத்தும் மற்றவை அசையவில்லை. மகளின் கண்ணுக்கு வங்கி ஒன்றே, ஏனெனில் ஒரே பெயரில்தான் அது அவர் தந்தையிடம் கையொப்பம் வாங்கியது, வாக்கும் கொடுத்தது. அந்த வாக்கு எதுவரை செல்கிறதோ அதுவரை ஒன்றாயிருக்க வங்கி கடமைப்பட்டிருக்கிறது. எனவே நிறுவனத்தின் முழுமை, வெளியிலிருந்து மனிதர் பற்றி இழுக்கும் இடங்களில் நாள்தோறும் ஆக்கப்பட வேண்டியதேயன்றி, வரைபடத்தில் கண்டெடுக்கக் கூடியதன்று.

ஜீன் ராஸ், பீட்டர் வைல், டேவிட் ராபர்ட்சன் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட நூல் இக்கருத்துக்கு நடைமுறை வடிவம் காண உதவும். பிரிவுகள் தரவை எவ்வளவு பகிர வேண்டும், செய்முறைகள் எவ்வளவு ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்னும் இரு வினாக்களை அவர்கள் தனித்தனியே கேட்டு, விடைகளின் சேர்க்கையால் நான்கு இயக்க முறைகளைப் பிரிக்கின்றனர். மேற்கண்ட வங்கிக்கு வாடிக்கையாளர் பற்றிய தரவு பொதுவாக வேண்டும். கடனும் லாக்கரும் ஒரே செய்முறையில் நடக்க வேண்டியதில்லை. அத்தகைய வங்கி ஜாக்மன் அட்டவணையின் ஆறு நிரல்களையும் நிரப்பி முடிப்பதற்குக் காத்திருப்பது, மகளை இன்னும் பல ஆண்டுகள் கவுண்ட்டருக்குக் கவுண்ட்டர் அலையவிடுவதாகும்.

இழுத்தால் முழுதும் வரும் என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. உயிரோடிருப்பவரை ஒரு பிரிவு தவறுதலாக இறந்தவர் என்று பதிந்தால், நன்கு இணைந்த வங்கியில் அவர் கணக்கும் அட்டையும் லாக்கரும் ஒருசேர முடங்கும். பிளவுபட்ட வங்கியிலோ ஒரு கதவேனும் திறந்திருக்கும். ஆதலால் பதிவு பரவும் அதே வேகத்தில் திருத்தமும் பரவ வேண்டும். எந்தக் கவுண்ட்டரில் முறையிட்டாலும் அம்முறையீட்டை ஏற்றுப் பதிவை உடனே நிறுத்திவைக்கும் அதிகாரம் அங்கிருக்கும் அலுவலருக்கு இருக்க வேண்டும். அதைத் தராமல் தரவை மட்டும் ஒன்றாக்குவோர், பாதி வேலையிலும் எளிய பாதியைத்தான் செய்கின்றனர்.