நுரைக்கும் உண்டோ குலம்?

முல்லைப் பெரியாற்றின் நீர் 1895 முதல் அணையினின்று கம்பம் பள்ளத்தாக்கிலே பாய்கிறது. கூடலூர் வயலும் குடிக்கிறது. சின்னமனூர் வயலும் குடிக்கிறது. வரப்புக்கு உரியவன் எக்குலத்தான் என்று வினவி அந்நீர் நின்றதில்லை. அதே நீரைச் சிறு கிண்ணத்திலே மொண்டு, சோப்பைக் குழைத்து, நாவிதர் நுரை எழுப்பியபோது மட்டும், அந்த நுரை ஆள் பார்த்துப் பொங்கிற்றே, ஏன்? முகம் மழிக்கும் காரியத்துக்குமா தத்துவம் என்று நகைப்போர் இருப்பர். நகைக்கட்டும், நாம் கேட்டே தீரவேண்டியிருக்கிறது.

காலையில் கண்ணாடி முன் நிற்கிறோம். கிண்ணத்திலே பட்டாணியளவு களிம்பு. நனைத்து உதறிய பிரஷ். சுழற்றச் சுழற்ற வெண்ணுரை திரள்கிறது. அதை முகத்திலே தேய்த்து இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால், மயிர் நீரை உறிஞ்சி இளகுகிறது. இளகியபின் கத்திக்கு எளிதில் இணங்குகிறது. தொழில் இவ்வளவே. இதிலே எந்தக் கட்டத்தில் குலம் நுழைகிறது? தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை.

தூய்மைக்காக என்பர் சிலர். தூய்மையைப் பற்றியே பேசுவோமே! முதல் உலகப்போர்க் காலத்தில், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், நன்கு தூய்மை செய்யப்படாத குதிரைமயிர் பிரஷ்கள் ஆந்த்ராக்ஸ் கிருமியைச் சுமந்துவந்து உயிர்களைக் குடித்தன. போர்வீரர்களும் மாண்டனர், உயர்ந்த குடியினன் என்று அக்கிருமி எவனையும் விலக்கவில்லை. கிருமிக்குக் கொதிநீர் உண்டு, ஆளுக்கொரு புது பிளேடு உண்டு. தீட்டுக்கோ எந்த அடுப்பிலும் வெந்நீர் காயவில்லை!

இந்தப் பள்ளத்தாக்குச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "ஊர் நாவிதர் எங்க தெருவுக்கு வரமாட்டாரு தம்பி. எங்க அண்ணன்தான் எனக்கு முடிவெட்டுவாரு." எளிதாகச் சொன்னார். நமக்கோ சதாராவின் நினைவு வந்தது. காசு இருந்தும், ஊரிலே நாவிதர் இருந்தும், தீண்டப்படாதவர் தலையைத் தொட ஒருவரும் இசையாததால், சிறுவன் அம்பேத்கருக்கு முடி வெட்டியவர் அவருடைய அக்காள். பின்னாளில் அவரே எழுதிவைத்த செய்தி இது. அச்சிறுவன் வளர்ந்து, 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையிலே எழுந்து, 'கடை' என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னார்: நாடி வருவோர் எவருக்கும் தொண்டு செய்ய முன்வரும் இடமெல்லாம் கடையே என்று. சவரக்கடையும் அதில் அடங்கிற்று. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை அவை ஏற்றதும் அதே நாளில். 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது.

காந்தியாரும் இந்த நாற்காலியிலிருந்து விரட்டப்பட்டவரே. பிரிட்டோரியாவில் வெள்ளை நாவிதர் மறுத்துவிட, கத்தரிக் கருவி ஒன்றை வாங்கித் தாமே வெட்டிக்கொண்டார், பின்தலை பாழாயிற்று. எலி கடித்ததோ என்று நீதிமன்றத்து நண்பர்கள் கேலி செய்தனர். ஆயினும் நாவிதரை அவர் குறை கூறவில்லை: கறுப்பரைத் தொட்டால் அவர் பிழைப்புப் போய்விடும், நம் நாட்டிலே நாம் நம் நாவிதரைத் தீண்டப்படாதவருக்குத் தொண்டு செய்ய விடுகிறோமா என்று கேட்டார்.

நேர்மையான கேள்விதான். நம் ஊர் நாவிதரும் களத்துமேட்டு நெல்லை நம்பிப் பிழைத்தவரே. ஊரார் முகமெல்லாம் அவர் கைக்குள். அவர் முகமோ, புறப்படும் வேளையில் எதிர்ப்பட்டால் அபசகுனம்! தாழ்த்தப்பட்டவர் கையைக் கொண்டே இன்னொருவரைத் தள்ளிவைத்த ஏற்பாடு அது. ஆனால் அச்சம் ஒருவர் செய்ததை விளக்கும், செய்யாததாக ஆக்கிவிடுமா? தம்மைத் தள்ளியவரை மன்னிக்கும் உரிமை காந்தியாருக்கு உண்டு. வேறொருவனைத் தள்ளியவரை அவனுக்காக நாம் மன்னிப்பதற்கு உரிமைச்சீட்டு எழுதித் தந்தவர் யார்? ஒன்று மட்டும் நமக்குத் தெளிவு. 'அவனைத் தொட்டால் இனி நான் வரேன்' என்று நாற்காலியிலே சாய்ந்தபடி சொன்னவன் எவனோ, பெரும்பங்கு அவனுக்கு.

அவனை நாம் கண்டதில்லை என்று சொல்ல ஆசைதான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சவரக்கடை ஒன்றிலே, முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தோம். நம் வகுப்பு மாணவன் வாசலில் வந்து நின்றான். "மெஷின் ரிப்பேரு, போயிட்டு வா" என்றார் கடைக்காரர். மெஷின் மேசைமேலேயே இருந்தது. சற்றுமுன் நமக்கு அடுத்த நாற்காலியிலே ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியிலே அவன் நம்மைப் பார்த்தான். நாம் அவனைப் பார்த்தோம். வாயைச் சுற்றி நுரை இருந்தது. அதனால் பேசவில்லை என்று அன்றிரவு நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். நுரை பூசியவன் பேசக்கூடாதென்று எந்த நூல் விதித்தது?

அடுத்த ஞாயிறு சேர்ந்தே போவோம் என்று அவனிடம் சொன்னோம். "சரிங்க சார்" என்றான். கடை வாசலிலே ஒரு மணி நேரம் காத்திருந்தோம், அவன் வரவில்லை. மறுநாள் வகுப்பிலே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். முன்தலை ஒழுங்காக இருந்தது. பின்தலையில், வீட்டுக் கத்தரிக்கோல் எட்டிய இடமும் எட்டாத இடமும் தனித்தனியே தெரிந்தன.