புற்றும் வௌவாலும்

ஹரியும் ஹரனும் ஒரே திருமேனியாய்க் காட்சி தரும் சங்கரன்கோவில் சந்நிதியில், நாகம் உறையும் புற்றின் மண்ணையே பிரசாதமாய் நெற்றியில் தரித்துக்கொள்ளும் நாம், தென்பாண்டிக் கோபுரங்களின் இருண்ட நிலைகளில், மார்போடு ஒட்டிய ஒற்றைக் குட்டியுடன் தலைகீழாய்த் தொங்கும் வௌவாலைக் கண்டவுடன் அசுத்தமென்று முகம் சுளிப்பது எந்தச் சாஸ்திரத்தின்பாற்பட்டது என்னும் வினா நெடுநாளாய் என் உள்ளத்தை வருத்துகிறது. எச்சத்தின் நாற்றமும் சிற்பங்களில் படியும் கறையும் மெய்யே, மறுப்பது நேர்மையன்று.

ஆயினும், குன்றுகள் கல்லுடைப்பில் கரைந்தும், பழைய ஆலமரங்கள் சாலை விரிவுக்காக வீழ்ந்தும் போனபின், பூச்சியுண்ணும் வௌவால்களுக்கு எஞ்சிய குகை நம் கற்றளிகளே. அங்கும் துவாரங்களைக் கம்பிவலையால் அடைத்து, இரவெல்லாம் மின்விளக்கு எரித்தால், பெரும்பாலும் பேற்றுக்கு ஒரு குட்டியே ஈனும் அப்பிராணி எங்கே செல்லும்? பழந்தின்னி வௌவால்களையோ, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே எலியோடும் காகத்தோடும் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலை நீக்கிற்று. சட்டம் திருந்த ஐம்பதாண்டு ஆயிற்று.

புற்றை இடிக்கத் துணியாத பக்தி, கோபுரத்து இருளையும் புற்றாகவே கருதலாகாதா? குட்டிகள் பறக்கப் பழகும்வரையேனும் அந்தத் துவாரங்களை அடைக்காதிருக்குமாறு திருப்பணி செய்யும் அன்பர்களை இரந்து வேண்டுகிறேன்.