யாருக்கு ஓய்வு?

உழைப்பைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஓய்வைப் பற்றிப் பேசுவதற்கோ நமக்குச் சற்றுக் கூச்சம். ஓய்வெடுப்பவரைச் சோம்பேறி என்று உலகம் சொல்லிவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம்; ஓய்வு அவரவர் சொந்த விவகாரம், அதில் அறம் பேச என்ன இருக்கிறது என்ற எண்ணம் மறுபுறம். சென்ற ஆண்டு ஒரு சிற்றூரில் இரண்டு நாள்கள் தங்கி ஓய்வெடுத்தபோது, இந்த இரண்டாவது எண்ணம் எங்களை விட்டு அகன்றது. அதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சென்றவர்கள் நாங்கள் இருவர், குருமடத்தில் ஒரே வகுப்பில் இறையியல் பயின்றவர்கள், ஐம்பதைக் கடந்தவர்கள், வெவ்வேறு பங்குகளில் பணிபுரிகிறவர்கள். ஒருவருக்கு இரத்த அழுத்தம், மற்றவருக்குத் தூக்கமின்மை. இருவருக்கும் மருத்துவர் சொன்ன மருந்து ஒன்றே: இரண்டு நாளாவது எங்கேனும் போய்ச் சும்மா இருங்கள் என்பது. ஓய்வுபெற்ற மூத்த குருக்கள் எங்கள் பங்குகளின் ஞாயிறு திருப்பலிகளை அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சும்மா இருப்பதற்கென்றே அமைந்ததுபோன்ற ஊர் அது. 1792ஆம் ஆண்டைச் சேர்ந்த கோட்டை வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்தால், நேரே கடலை நோக்கிச் செல்லும் அகன்ற தெரு. இருபுறமும் தூண்கள் தாங்கிய பழைய வீடுகள். தெருவின் முடிவில், 1620இல் டென்மார்க்கு நாட்டவர் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. வடபுறம் கடலோரத்தில், அலைகளால் அரிக்கப்பட்டும் நிலைத்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். 1706இல் இங்கே கரையிறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய லுத்தரன் திருச்சபைப் போதகர் சீகன்பால்கு, 1718இல் தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே துயில்கொள்கிறார். இவ்வளவையும் ஒரு முற்பகலில் நடந்தே பார்த்துவிடலாம். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. கோட்டை மதிலருகே அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நாங்களும் அதைத்தான் செய்தோம். அன்றிரவு, தூக்கமின்மையால் துன்புற்ற நண்பர் எட்டு மணி நேரம் உறங்கினார்.

அந்த அமைதியின் வரலாற்றை எண்ணிப் பார்த்தது மறுநாள்தான். ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து போன துறைமுகம் இது. 1845இல் டென்மார்க்கு இதை ஆங்கிலேயருக்கு விற்றது. வணிகம் வேறு துறைமுகங்களுக்குப் போனது, ஊர் ஓய்ந்தது. நமக்கு அழகாகத் தோன்றும் அமைதி, அன்று பிழைப்பை இழந்தவர்களுக்கு வெறுமையாக இருந்திருக்கும். நாங்கள் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்த அதே கடல்தான், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று இவ்வூர் மீனவர் குடியிருப்பில் புகுந்து உயிர்களை வாரிச் சென்றது. விருந்தாளியின் கண்ணுக்கு ஓர் ஊர். அங்கேயே வாழ்கிறவர் கண்ணுக்கு வேறோர் ஊர். இந்த வேற்றுமையை எங்களுக்கு உணர்த்தியவர் ஒரு பெண்மணி.

நாங்கள் தங்கியிருந்த விடுதியில் அறைகளைப் பெருக்கித் துடைத்து, காலையும் மாலையும் தேநீர் கொண்டுவந்து தருபவர் அவர். நாற்பது வயது இருக்கலாம். கழுத்தில் மாதா உருவம் பொறித்த சிறிய பதக்கம். ஞாயிறு காலை நாங்கள் திருப்பலி முடித்து வந்தபோது, வாசலில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். “பூசைக்குப் போயிட்டு வந்தாச்சாம்மா?” என்று கேட்டோம். குருக்கள் எவரும் கேட்கிற கேள்விதான். அதில் சிறிது கண்டிப்பும் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

“இல்ல சாமி. சனி ஞாயிறுதானே இங்க கூட்டம்? இந்த ரெண்டு நாள் லீவு கேட்க முடியாது. எனக்குத் திங்கக்கிழமைதான் லீவு. அன்னைக்குப் புள்ளைங்க பள்ளிக்கூடம் போயிடும், அவரு வேலைக்குப் போயிடுவாரு. வீட்டுல நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்” என்றார். பிறகு, எங்களை வருத்தப்படுத்திவிட்டோமோ என்று எண்ணியவராய், “நீங்க நல்லா ஓய்வெடுங்க சாமி, ரொம்பக் களைச்சுப்போய் இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

அன்று முழுவதும் நாங்கள் பேசியது இதைப் பற்றித்தான். எங்கள் ஓய்வு அவருடைய ஞாயிற்றுக்கிழமையால் ஆனது. இதில் எவரைக் குற்றஞ்சாட்டுவது? விடுதி மேலாளரிடம், அந்த அம்மையாரை மாலையில் சற்று முன்னதாக வீட்டுக்கு அனுப்ப இயலுமா என்று கேட்டோம். முப்பது வயது இளைஞர் அவர். “நானே எங்க அம்மாவைப் பார்த்து மூணு மாசம் ஆகுது ஃபாதர்” என்று சிரித்தார். அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு வாய் வரவில்லை.

இனிச் சுற்றுலாவே செல்வதில்லை என்று முடிவெடுத்தால் போதுமா? போதாது. விருந்தினர் வராவிட்டால் அந்த அம்மையாருக்கு ஞாயிறு கிடைக்கும், கூலி கிடைக்காது. ஞாயிறன்று எவருமே உழைக்கலாகாது என்பதும் இயலாத பேச்சு. மருத்துவமனைச் செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் உழைக்கத்தான் வேண்டும். ஏன், குருக்களாகிய நாங்கள் மிகுதியாக உழைக்கும் நாளே ஞாயிறுதான். எனவே கேள்வி, ஞாயிறன்று உழைக்கலாமா என்பதன்று. என் ஓய்வு யார் தோள்மேல் நிற்கிறது, அவருக்கும் ஓய்வு உண்டா என்பதே கேள்வி.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நாம் உழைப்பதே ஓய்வு பெறுவதற்காகத்தான் என்று கருதினார். ஓய்வே மனிதரைச் சிந்திக்க வைக்கிறது என்பது அவர் கொள்கை. ஓய்வைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்துதான் பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பிறந்தது. உயர்ந்த கருத்துத்தான். ஆனால் அந்த ஓய்வு ஏதென்ஸ் நகரில் எவருக்குக் கிடைத்தது? குடியுரிமை பெற்ற ஆடவருக்கு. அவர்கள் அமர்ந்து சிந்திப்பதற்காக, அடிமைகள் நின்று உழைத்தார்கள். அடிமைக்கும் ஓய்வு வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பேரறிவில் உதிக்கவில்லை.

மறுபுறம் பத்துக் கட்டளைகளைப் பாருங்கள். ஓய்வுநாள் கட்டளை திருநூலில் இரண்டு இடங்களில் வருகிறது. விடுதலைப் பயண நூல், படைப்பை முடித்த இறைவன் ஓய்ந்திருந்ததைக் காரணமாகக் காட்டுகிறது. இணைச்சட்ட நூல் வேறொரு காரணத்தைச் சொல்கிறது: நீங்களும் எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்கள் என்பதை மறவாதீர்கள் என்கிறது. யாருக்கு ஓய்வு என்ற பட்டியலில் மகனும் மகளும் மட்டுமல்லர், வேலைக்காரனும் வேலைக்காரியும் உண்டு, அந்நியன் உண்டு, மாடும் கழுதையும்கூட உண்டு. வீட்டுத் தலைவனைப் போலவே பணியாளரும் ஓய்வுபெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். தலைவன் ஓய்ந்திருக்கப் பணியாள் நீர் சுமந்தால் கட்டளை நிறைவேறவில்லை. அதாவது, ஓய்வுநாளைக் கடைப்பிடித்தோமா என்பதற்கு அளவுகோல் நம் களைப்பு நீங்கியதா என்பதன்று. நம் வீட்டின் கடைக்கோடியில் நிற்பவர் அமர்ந்தாரா என்பதே.

அவருக்குத்தான் திங்கட்கிழமை விடுமுறை இருக்கிறதே, ஒரு நாளுக்கு ஒரு நாள் சரியாகிவிட்டதே என்று சிலர் கேட்கலாம். இதற்கு வரலாறே விடை சொல்கிறது. 1929இல் சோவியத் ஒன்றியம் ஞாயிறு விடுமுறையை நீக்கி, ஐந்து நாள் கொண்ட வாரத்தைப் புகுத்தியது. ஆலைகள் இடைவிடாமல் ஓட வேண்டும் என்பதற்காகத் தொழிலாளரைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு நாளில் விடுமுறை அளித்தார்கள். முன்பு ஏழு நாளைக்கு ஒருமுறை கிடைத்த விடுமுறை இப்போது ஐந்து நாளைக்கு ஒருமுறை. கணக்கில் ஆதாயம்தான். ஆயினும் மக்கள் முணுமுணுத்தார்கள். கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள், பிள்ளைகளுக்கு ஒரு நாள் என்றானபோது, வீட்டில் தனியே அமர்ந்திருப்பதை விடுமுறையாக அவர்களால் ஏற்க முடியவில்லை. 1940இல் அரசே ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியது. தரங்கம்பாடி அம்மையார் வாளியோடு நின்று சொன்னதும் இதைத்தான். ஓய்வு என்பது வேலையின்மை அன்று, கூடியிருத்தல்.

கூடியிருக்க வேண்டுமானால் கூடி முடிவெடுக்கவும் வேண்டும். நம் கத்தோலிக்கக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று படகுகள் கடலில் இறங்குவதில்லை. ஒருவர் மட்டும் கரையில் நின்றால் அது அவருக்கு நட்டம். ஊரே நின்றால் அது அனைவருக்கும் ஓய்வு. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு 1890இல் ஞாயிறு விடுமுறை கிடைத்ததும் முதலாளிகளின் இரக்கத்தால் மட்டுமன்று. நாராயண் மேகாஜி லோகண்டே அவர்கள் பல ஆண்டுகள் தொழிலாளரை ஒன்றுதிரட்டிக் கேட்டதால் கிடைத்தது. மறு ஆண்டு, 1891இல், திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி வெளியிட்ட சுற்றுமடலும் ஞாயிறு ஓய்வை அவர்களுடைய உரிமையாகவே பேசியது. கடை ஊழியர்களுக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை என்பதை நம் மாநிலத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அவர்கள் பணியிடையே உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் வருவதற்கோ 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தனை ஆண்டுகளும் நாம் அந்தக் கடைகளில் இருக்கையில் அமர்ந்துதான் புடவை பார்த்தோம். எதிரே நின்றவரின் கால்களை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

ஞாயிறு மாலை ஊர் திரும்பினோம். புறப்படுமுன் அந்த அம்மையாரிடம் நன்றி சொல்லிச் சிறு தொகை கொடுத்தோம். அவர் முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டார். ஆயினும் எங்கள் மனம் அடங்கவில்லை. பணத்தால் ஈடுசெய்யக்கூடிய கடன் அன்று அது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த அடி விழுந்தது. எங்கள் பங்கு இல்லத்தில் பதினோரு ஆண்டுகளாகச் சமைத்து வருபவர் ஒரு விதவைத் தாய். வாரத்திலேயே அவருக்கு வேலை மிகுதியான நாள் எது? ஞாயிறு. அன்றுதான் விருந்தினர் வருவார்கள். அன்றுதான் கறியும் சோறும். விடியற்காலையில் திருப்பலி காண்பார். பிறகு மாலை வரை அடுப்படி. ஓய்வுநாள் கட்டளையைப் பற்றிப் பீடத்தில் நின்று எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். அவை முடிந்து வந்து அமர்ந்த மேசையில் சூடான சோற்றை வைத்தவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு விடுதிப் பணியாளரின் ஞாயிறுக்காக வருந்தியவர்கள், எங்கள் கூரையின் கீழேயே ஒரு ஞாயிறை எடுத்துக்கொண்டிருந்தோம்.

துணைப் பங்குத்தந்தையோடு கலந்து பேசினோம். மறுநாள் அந்தத் தாயை அழைத்து, “இனி ஞாயிற்றுக்கிழமை நீங்க சமைக்க வர வேண்டாம்மா” என்றோம். அவர் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா சாமி? வேற ஆள் வெச்சுட்டீங்களா?” என்று கேட்டார்.

ஓய்வு என்று நாங்கள் சொன்னது அவர் காதில் வேலைநீக்கம் என்று விழுந்தது. அன்றாடம் உழைத்து உண்பவருக்குக் களைப்பைவிடப் பெரிய அச்சம் இதுவே. ஆகவே, ஊதியத்தில் ஒரு ரூபாயும் குறையாது என்ற உறுதி சேராமல் தரப்படும் ஓய்வு ஓய்வாகாது என்பதையும் அன்று கற்றோம். விளக்கிச் சொன்னோம். அவர் முழுதும் நம்பியதாகத் தெரியவில்லை. முதல் இரண்டு ஞாயிறுகள், சாமிமார் சாப்பிட்டார்களா என்று பார்ப்பதற்காகவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. மகள் வீட்டுக்குப் போய்ப் பேரப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வந்ததாகத் திங்கட்கிழமை சொன்னார்.

ஞாயிறன்று எங்கள் மேசையில் இப்போது சனிக்கிழமை நீரூற்றி வைத்த பழைய சோறும், சின்ன வெங்காயமும், ஊறுகாயும்தான். விருந்தினர் வந்தாலும் அதுவே. முதலில் சிலர் வியந்தார்கள். ஓரிருவர் முகம் சுளித்தார்கள். ஒருவர் மட்டும், “அப்படியானால் எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் ஞாயிறு விடுமுறை தர வேண்டுமே, ஃபாதர்” என்றார். ஆம் என்றோம்.