பொய்யா விடையும் பிழைத்த வழியும்

ஒருவன் வழி கேட்கிறான். மற்றொருவன் பொய்யின்றி விடை தருகிறான். அவ்விடையை நம்பிச் சென்றவன் மாண்டுபோகிறான். விடை தந்தவன்மேல் பழி உண்டா? இரண்டாம் உலகப்போரில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், லிபியாவில் பெங்காசி நகருக்கு அருகிலிருந்த சொலூக் தளத்தினின்று அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'லேடி பி குட்'. 'நங்கையே, நல்லவளாய் இரு' என்பது பொருள். குண்டு சுமக்கும் ஊர்திக்கு இப்படியும் ஒரு பெயர்! அதிற் சென்றோர் ஒன்பதின்மர். அக்குழுவினர்க்கு அதுவே முதற் போர்ப்பயணம்.

இலக்கைத் தாக்காமலே திரும்பிய அவ்விமானம் இருளில் தனித்துப் பறந்தது. நள்ளிரவிற்குப் பின், தன் திசையறி கருவி பழுதுற்றதென வானொலியில் தெரிவித்து விமானி ஹாட்டன் திசை வினவினார். பெனினா நிலையம் 330 பாகை என விடையளித்தது. அது பொய்யன்று. ஆயின் அந்நிலையத்துக் கருவி ஒரு கோட்டை மட்டுமே காட்டவல்லது. அக்கோட்டில் விமானம் நிலையத்திற்கு இப்பால் உள்ளதா, அப்பால் உள்ளதா எனப் பிரித்துரைக்க வல்லதன்று. வடமேற்கே கடல்மேல் வருவதாகவே இருசாராரும் கொண்டனர். விமானமோ தளத்தைக் கடந்து, தென்கிழக்கே பாலைவனத்தின்மேல் விரைந்துகொண்டிருந்தது. ஆராய்ந்தோர் பலரும் கூறும் விளக்கம் இது.

எரிபொருள் தீர, அனைவரும் பாராசூட்டில் குதித்தனர். ஒருவர் பாராசூட் விரியாமையால் இறந்தார். எஞ்சிய எண்மர் கடலும் தளமும் அண்மையில் உளவென்று நம்பி வடமேற்கே நடந்தனர். கடலோ அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால்! தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் அவர்தம் விமானம் மணலில் இறங்கிக் கிடந்தது. அதில் குடிநீரும் உணவும் இருந்தன.

சிலர் நிலையத்தைப் பழிப்பர். சிலர் விமானியைப் பழிப்பர். நாம் இரண்டிற்கும் உடன்படோம். பிழை விடையிலும் இல்லை, வினாவிலும் இல்லை, "மறுபுறமாகவும் இருக்கலாமோ?" என்னும் இரண்டாம் வினா எழாமையில் உள்ளது. தன் சொல்லின் எல்லையை அறிந்தவன் அவ்வெல்லையையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவனே. ஆனால் எல்லாரும் வடக்கிருந்தே திரும்பும் இரவில், அவ்வெல்லை யார் நினைவிற்கு வரும்? தேடச் சென்றோரும் கடலையே தேடினர். முன்முடிவு விமானத்தை மறைத்ததோடு நில்லாது, தேடுவோர் கண்ணையும் பதினைந்து ஆண்டுகள் மறைத்தது. 1958இல் எண்ணெய் வளம் நாடி வானிற் பறந்தோரே அதனைத் தற்செயலாகக் கண்டனர்.

அறிவில் நேர்ந்த பிழை ஒழுக்கத்தையும் பற்றுமோ என்பது அடுத்த வினா. துணைவிமானி டோனரின் நாட்குறிப்பு கிடைத்துள்ளது. அரைக்குப்பி நீரை எண்மரும் சிறு மூடியளவாகப் பகிர்ந்து அருந்தினர். நூறு கிலோமீட்டருக்கும் மிகுதியாக நடந்தபின் ஐவர் தளர்ந்தனர். மூவர் உதவி நாடி மேலும் நடந்தனர். தளர்ந்தோரைக் கைவிட்டனர் என்று அம்மூவரைச் சொல்வது தகாது. அங்கே அமர்ந்திருப்பது எவர்க்கும் உதவியிராது. நாட்குறிப்பு ஏப்ரல் 12ஆம் நாளோடு நின்றுவிடுகிறது.

1960இல் ஐவர் உடலும் ஓரிடத்தே கிடைத்தன. மூவருள் ஒருவர் அவ்விடத்திற்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால், மற்றொருவர் நாற்பதிற்கும் அப்பால் கிடந்தனர். மூன்றாமவர் உடல் கிடைத்ததாக உறுதி செய்யப்படவில்லை.